மகளின் வலிப்புக்கு டாகா (கஞ்சா) எண்ணெய்: ஆராய்ச்சி என்னதான் சொல்கிறது?

சாட்ஸ்வொர்த் அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து 11 வருடம் ஆகிறது. மகளுக்கு 7 வயது, எடை 22 கிலோ. ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது, அரை மணி நேரம் நிற்கவே இல்லை. அப்புறம் வெந்நீரில் குளிப்பாட்டினால் வரும், பிப்ரவரிப் புழுக்கத்தில் வரும், திருவிழாவுக்குப் போய் வெயிலில் நின்றால் வரும். முதலில் காட்டிய இடத்தில் கார்பமசெபின் கொடுத்தார்கள். அதில் வலிப்பு கூடிப்போனது. மூன்று வயதில் மரபணுப் பரிசோதனை செய்த பிறகுதான் இது டிராவெட் நோய், மரபணுக் கோளாறால் வரும் கடுமையான வலிப்பு நோய் என்று தெரிந்தது. இப்போது வால்ப்ரோயேட்டும் குளோபசாமும் கொடுக்கிறோம். இருந்தும் மாதத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை பெரிய வலிப்பு வருகிறது.

பக்கத்து வீட்டு ஆயா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் கொஞ்சம்தான் பேசுவார், ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் என் மகளுக்காக மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுகிறவர். போன வாரம் சந்தையிலிருந்து ஒரு குப்பி டாகா எண்ணெய் வாங்கி வந்து என் கையில் வைத்தார். 30 மில்லி, 1000 மில்லிகிராம் சிபிடி (கஞ்சாச் செடியில் இருக்கும், போதை தராத பொருள்) என்று ஒட்டியிருக்கிறது. காலையில் 5 துளி, ராத்திரி 5 துளி நாக்குக்கு அடியில் விடச் சொன்னார். அவருடைய பென்ஷன் காசில் வாங்கியது.

வீட்டுக்காரர், "இதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு குளோபசாமைக் குறைத்துவிடலாம், அதனால்தான் பிள்ளை எந்நேரமும் தூங்கி வழிகிறாள்" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்கவும் தயக்கம். பிள்ளைக்குக் கஞ்சா கொடுக்கிற தாய் என்று நினைத்துவிடுவாரோ? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையில் குப்பி இருக்கிறது, இன்னும் மூடியைத் திறக்கவில்லை.

பழைய மருந்தாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

திறக்காமல் இங்கே கேட்டீர்களே, அதுவே நல்லது அம்மா. 34 வருடம் மருந்துக்கடையில் நின்றவன் நான், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கஞ்சாவிலிருந்து வந்த மருந்துகளில் மிக உறுதியான சான்று உள்ளவற்றில் ஒன்று உங்கள் மகளுக்கு இருக்கும் இதே டிராவெட் நோய்க்கானது. 2017-ல் வெளிவந்த சோதனை அது. சிறுவரும் இளையோருமாக 120 பேர். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை நிறுத்தாமல், பாதிப் பேருக்குச் சுத்தமான சிபிடியும் மீதிப் பேருக்கு வெறும் திரவமும் 14 வாரம் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சிபிடி எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பு 5.9 ஆகக் குறைந்தது. மற்றவர்களுக்கு 14.9 என்பது 14.1 ஆனது, அவ்வளவுதான். சிபிடி எடுத்தவர்களில் வலிப்பே இல்லாமல் போனவர்கள் 5 சதவீதம். அடுத்த வருடம் அமெரிக்காவில் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நல்லெண்ணெயில் கரைத்து, ஸ்ட்ராபெரி வாசனை சேர்த்த மருந்து.

இப்போது உங்கள் குப்பியைப் பார்ப்போம், கணக்குப் போட்டால் விளங்கும். சோதனையில் கொடுத்த அளவு கிலோவுக்கு 20 மில்லிகிராம். 22 கிலோ பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 440. உங்கள் எண்ணெயில் ஒரு மில்லிக்கு 33 மில்லிகிராம்தான். பத்துத் துளி என்றால் அரை மில்லி, அதாவது சுமார் 17 மில்லிகிராம். சோதனையில் கொடுத்த அளவுக்கு ஒரு நாளைக்கு 13 மில்லி வேண்டும், குப்பி இரண்டே கால் நாளில் காலி. ஆயாவின் பத்துத் துளியால் அந்தப் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

சரி, அப்போ அதிகமாக விடலாமே என்று வீட்டில் கேட்பார்கள். கூடாது. லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று தெரியாது. அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களை வாங்கிச் சோதித்ததில், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவற்றில்தான் லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தது. அவற்றில் 18 பொருட்களில் டிஹெச்சி இருந்தது. போதை தருவது அதுதான், வளரும் மூளைக்குப் போகக் கூடாது.

இன்னொன்று, இதைத்தான் முக்கியமாகக் கேளுங்கள். சிபிடி உள்ளே போனால் குளோபசாம் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள் ரத்தத்தில் ஏறும், தூக்கம் இன்னும் அதிகமாகலாம். வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ரத்தத்தில் உயரக்கூடும். உங்கள் மகள் இரண்டுமே சாப்பிடுகிறாள். குளோபசாம் அளவைக் குறைக்க வேண்டி வரலாம், ஆனால் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். 1965-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, இங்கே பதிவாகாத மருந்தை ஒரு குறிப்பிட்ட நோயாளிக்குத் தர சாப்ராவிடம் (இந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு ஆணையம்) டாக்டர் அனுமதி கேட்கலாம். விலை அதிகமாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

இரவுப்பணி செவிலி, ஜோஹன்னஸ்பர்க்:

அக்கா, குளோபசாமை நீங்களாகக் குறைக்கவே குறைக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு வார்டில் இப்படித்தான் எண்ணெயை நம்பி மருந்தைச் சட்டென்று நிறுத்திய ஒரு குழந்தையைக் கொண்டு வந்தார்கள். 50 நிமிடமாக வலிப்பு நிற்கவில்லை. பிழைத்தது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அவர் கெட்ட தாய் இல்லை அக்கா, தூக்கமில்லாத தாய்.

வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் கன்னத்தின் உள்பக்கம் விட மிடசோலம் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் டாக்டரிடம் கேளுங்கள்.

கரும்புத் தோட்டத்துப் பேரன், வெருலம்:

மருந்தாளர் ஐயா சொன்னது சரிதான். ஆனாலும் ஒன்று மனதில் இருக்கிறது. 1839-லேயே கல்கத்தாவில் ஓஷாக்னசி என்ற டாக்டர் ஒரு பச்சைக்குழந்தையின் வலிப்புக்குக் கஞ்சாச் சாறு கொடுத்து எழுதி வைத்தார். 1980-ல் பிரேசிலில் 8 வலிப்பு நோயாளிகளுக்குச் சிபிடி கொடுத்ததில் 4 பேருக்கு வலிப்பு கிட்டத்தட்ட நின்றே போனது. அடுத்த பெரிய சோதனைக்கு 2017 வரை காத்திருந்தோம். ஏன்? செடி தடை செய்யப்பட்ட செடி. இங்கே நேட்டாலில் 1870 சட்டம் இந்தியாவிலிருந்து வந்த நம் கூலிக்காரர்கள் கஞ்சா வைத்திருப்பதையே குற்றமாக்கியது, எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துக் கதை. நம் மாகாணத்து இன்காதா கட்சி எம்.பி. ஓரியானி-அம்புரோசினி புற்றுநோயோடு நாடாளுமன்றத்தில் எழுந்து மருத்துவக் கஞ்சாவுக்கு மசோதா கொண்டு வந்தது 2014-ல். அந்த ஆகஸ்டிலேயே இறந்துபோனார். இத்தனை வருடம் வீணாகாமல் இருந்திருந்தால் இந்தத் தங்கை இன்று சந்தைக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது. 2018-லேயே அரசியலமைப்பு நீதிமன்றம் அனுமதித்துவிட்டதே, பிறகென்ன பயம்?

பழைய மருந்தாளர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்:

தம்பி, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் 2018 தீர்ப்பு பெரியவர்கள் தனியிடத்தில் தாங்களே பயன்படுத்துவதைப் பற்றியது. குழந்தைக்கு மருந்தாகக் கொடுப்பது அதில் வராது. சிபிடியைச் சீட்டில்லாமல் விற்க 2020-ல் வைத்த வரம்பு, பொட்டலத்துக்கு 600 மில்லிகிராம், நாளைக்கு 20. இந்தக் குப்பியில் 1000 என்று போட்டிருக்கிறது. லேபிள் பொய்யானால் ஒரு தப்பு, மெய்யானால் வேறொரு தப்பு.

அம்மா, ஒரு வேலை செய்யுங்கள். அந்தச் சோதனையிலும் மருந்து தொடங்கும் முன் 4 வாரம் வலிப்பை எண்ணி வைத்தார்கள். நீங்களும் இன்றே ஒரு நோட்டில் நாள், நேரம், எத்தனை நிமிடம், காய்ச்சலா, வெயிலா என்று எழுதுங்கள். புது மருந்து கிடைத்தால் பலன் இருக்கிறதா என்று அதை வைத்துத்தான் தெரியும்.

சாட்ஸ்வொர்த் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று குப்பியையும் கைப்பையில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். திட்டவில்லை. லேபிளை வாசித்தார், "கொடுத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். 21-ஆம் பிரிவு விண்ணப்பத்துக்கு அவரே எழுதுகிறாராம், மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) பணம் தருமா என்பது கேட்டுத்தான் தெரிய வேண்டும். மிடசோலமும் எழுதிக் கொடுத்தார், தங்கைக்குத் தனி நன்றி.

வீட்டுக்காரருக்கு அந்த 13 மில்லிக் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவரே போய் நோட்டு வாங்கி வந்து கோடு போட்டார்.

ஆயாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. மகளுக்கு வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும். நாளை அவரையும் பரிசோதனை முடிவு வாங்க கூட்டிக்கொண்டு போகலாமென்று இருக்கிறேன், டாக்டர் சொல்லி அவரே கேட்கட்டும்.

நோட்டில் செவ்வாய் ராத்திரியிலிருந்து மூன்று. கடைசியாக வந்தது இன்று விடியற்காலை 4:20-க்கு, காய்ச்சல் இல்லை, 3 நிமிடம்.