7:45க்கு பிரஸ் மீட், 7:58க்கு ராக்கெட்: அந்த தவான் கதையை விடுங்கப்பா

மைக்ரோமீட்டர் மாமா (இழையைத் தொடங்கியவர்)

என் தங்கச்சி பையன் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில சூப்பர்வைசர். போன சனிக்கிழமை அவங்களுக்கு 'தலைமைப்பண்பும் நிறுவனப் பண்பாடும்'னு நாள் முழுக்கப் பயிற்சியாம். ஓவர்டைம் கிடையாது, மத்தியானம் தயிர்சாதப் பொட்டலம். அதுல காட்டின ஸ்லைடை எனக்கு அனுப்பியிருக்கான்.

எல்லாருக்கும் மனப்பாடமான கதைதான். 1979 ஆகஸ்ட் 10, இஸ்ரோவோட எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவுல விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனா பத்திரிகைக்காரங்க முன்னாடி போய் நின்னது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18, அதே ராக்கெட்டுல ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போயாச்சு. அன்னைக்கு தவான் கலாமைக் கூப்பிட்டு "இன்னைக்கு நீங்க பேசுங்க"ன்னுட்டார். கீழே ஒரு தாமரைப்பூ படம், 'இப்படித் தலைவர் இருந்தால் எந்த நிறுவனமும் வெல்லும்'னு ஒரு வரி.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. கலாம் 2008ல வார்ட்டன் பிசினஸ் ஸ்கூலுக்குக் குடுத்த பேட்டியில ராக்கெட் விட்டது காலை 7 மணி, பிரஸ் மீட் 7:45ன்னு சொல்றார். அவரோட சுயசரிதையில ராக்கெட் கிளம்பினதே 7:58. அப்ப கிளம்பறதுக்கு 13 நிமிஷம் முன்னாடியே தோல்விக்குப் பொறுப்பேத்துட்டாரா தவான்? இதைக்கூட சரிபாக்காம ஸ்லைடு போட்டு சம்பளம் வாங்கறாங்க.

பாம்பன் பாலு

அய்யா, வீட்ல வேற வேலை இல்லையா? ஓடுற ரயில்ல இருந்து வீசுன பேப்பர் கட்டை எடுத்து வித்து மேல வந்த மனுசன். அவரைப் பொய்யர்ங்கிறீங்க. எங்க ஊர்ப் பக்கம் வந்து இதைச் சொல்லிப் பாருங்க.

மைக்ரோமீட்டர் மாமா

பாலு தம்பி, பொய்யர்னு எந்த வரியில எழுதினேன்? காட்டுங்க. நான் சொன்னது 7:45. அதுக்குப் பதில் இருந்தா சொல்லுங்க.

ஸ்டாண்டப் சுரேஷ்

எங்க மேனேஜர் இருக்கார். சாஃப்ட்வேர் ரிலீஸ் ஊத்திக்கிச்சுன்னா கிளையன்ட் கால்ல "டீம் கோட்டை விட்டுட்டாங்க". ஒழுங்கா போச்சுன்னா "நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டேன்". அந்த ஆளுக்குக் கீழ நாலு வருஷம் இருந்தவனுக்கு தவான் 7:45க்குப் பேசினா என்ன, 10:45க்குப் பேசினா என்ன? நின்னாரா இல்லையா, அவ்வளவுதான் மேட்டர்.

மைக்ரோமீட்டர் மாமா

நின்னாரா இல்லையான்னு எப்படித் தெரியும்? நின்னார்னு சொன்னது ஒரே ஒருத்தர். அவர் சொன்ன ரெண்டு நேரமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. நான் 31 வருஷம் குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன்ல இருந்தவன். ஒரு பீஸுக்கு ரெண்டு அளவு எழுதியிருந்தா அது ரிஜெக்ட். அழகான பீஸா இருந்தாலும் ரிஜெக்ட்.

தேன்மொழி எச்.ஆர்.

வணக்கமுங்க. அந்த ஸ்லைடு அநேகமா என்னோடதா இருக்கும். தாமரைப்பூ என் அடையாளம். 14 வருசமா இந்தப் பயிற்சி குடுக்கறேன்.

முதல்ல வரையறையில இருந்து வரலாமுங்களா? 1939ல வெளிவந்த ஆராய்ச்சியில, கர்ட் லெவின்ங்கற உளவியலாளரும் கூட இருந்தவங்களும் பத்து வயசுப் பசங்களைக் குழுவாப் பிரிச்சு முகமூடி செய்ய விட்டாங்க. அதட்டி வேலை வாங்கறது, கலந்து பேசி வாங்கறது, அவங்க பாட்டுக்கு விட்டர்றதுன்னு தலைமைக்கு மூணு விதம் பாத்தாங்க. 1970ல கிரீன்லீஃப் 'சேவைத் தலைமை'ன்னு, கீழ இருக்கறவங்களுக்குத் தொண்டு செய்யறவர்தான் நல்ல தலைவர்னு ஒரு கட்டுரை எழுதினார். தவான் அதுல சேருவாரான்னுதான் நான் வகுப்புல கேக்கறேன். மணி என்னன்னு கேக்கறது இல்லைங்க.

மைக்ரோமீட்டர் மாமா

அந்தப் பசங்க முகமூடியை எத்தனை மணிக்கு செஞ்சு முடிச்சாங்கன்னு லெவின் எழுதி வெச்சிருப்பார் மேடம். அதனாலதான் அது ஆராய்ச்சி. உங்களோடது ஸ்லைடு.

வன்னிக்கிளி

இதை வாசிக்க வாசிக்கச் சிரிப்பாய் இருக்கு. தலைமைத்துவம் எண்டு தலைப்பு, மணிக்கூட்டைப் பற்றிக் கதை. தவான் 1971 கடைசியில கலிஃபோர்னியாவில, கால்டெக் பல்கலைக்கழகத்தில நிண்டவர். இஸ்ரோவைத் தொடங்கின சாராபாய் செத்தாப்போல, இஸ்ரோவை நடத்த இந்திரா காந்தி கூப்பிட, ரெண்டு நிபந்தனை வச்சவர். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி இயக்குநர் பதவியை விடமாட்டன், தலைமையகமும் பெங்களூரில இருக்கவேணும் எண்டு. பிரதமருக்கே நிபந்தனை வச்ச ஆளை 'சேவைத் தலைவர்' எண்டுறதும் பொருந்தேல்ல, தேன்மொழி அக்கா.

பாம்பன் பாலு

தலைமைத்துவமா? அது தமிழே இல்லப்பா. தலைமைப்பண்புன்னு சொல்லு.

வன்னிக்கிளி

நாங்கள் பள்ளிக்கூடத்தில மாணவத் தலைவராய் இருந்த காலத்தில இருந்து அந்தச் சொல்லைத்தான் சொல்லுறம். 'பிரஸ் மீட்', 'ஸ்லைடு', 'ரிஜெக்ட்' எல்லாம் சங்கத்தமிழோ?

பாம்பன் பாலு

"த்துவம்"ங்கிறது வடமொழி. அது தெரியாம வந்துட்டாரு.

வன்னிக்கிளி

"மகத்துவம்" எண்டு நீர் ஒருக்காலும் சொன்னதில்லை, என்ன?

வெல்டிங் வெங்கடேசு

சொல்லாராய்ச்சிக்கு வேற இழை இருக்கு சாமிகளா. யாருமே தொடாத விஷயம் ஒண்ணு. அந்த ராக்கெட்டை நிறுத்தச் சொல்லி கம்ப்யூட்டர் சொல்லிச்சு. அதே வார்ட்டன் பேட்டியில கலாமே சொல்றார்: கம்ப்யூட்டர் நிறுத்திடுச்சு, கட்டுப்பாட்டுக் கருவிகள்ல ஏதோ சரியில்லன்னு காட்டிச்சு, கூட இருந்த நிபுணர்கள் 'கணக்கு போட்டாச்சு, எரிபொருள் கையிருப்பு இருக்கு'ன்னாங்க, நான் கம்ப்யூட்டரை ஒதுக்கிட்டு விட்டேன்னு. முதல் கட்டம் பிரமாதம். ரெண்டாவது கட்டத்துல வண்டி தள்ளாடிச்சு. 317 வினாடியில முடிஞ்சது கதை.

பின்னாடி ஆராய்ஞ்சு பாத்தா, கிளம்பறதுக்கு 8 நிமிஷம் முன்னாடி திறந்த ஒரு சோலனாய்டு வால்வு (கரண்டுல திறந்து மூடற வால்வு) அழுக்கு அடைச்சு மூடாம நின்னிருக்கு. ரெண்டாவது கட்டத்தைத் திருப்பறதுக்கு வெச்சிருந்த நைட்ரிக் அமிலம் அது வழியா வடிஞ்சு போச்சு. வண்டி நேராக நிக்க விசை கேட்ட நேரத்துல அமிலம் இல்ல. 22 மீட்டர் உசரம், 17 டன், ஒரு வால்வு அழுக்குல போச்சு.

இப்ப சொல்லுங்க. நம்ம ஃபேக்டரியில ஒருத்தன் இன்டர்லாக்கை, அதாவது ஆபத்துன்னா மெஷினைத் தானா நிறுத்தற பாதுகாப்பை, பைபாஸ் பண்ணி மெஷினை ஓட்டி உடைச்சா என்ன பண்ணுவாங்க? அதே ஆளை அதே நாற்காலியில வெச்சு, 343 நாள்ல மறுபடி விடச் சொன்னாங்களே, கதை அங்க இருக்கு. பிரஸ் மீட்டுல இல்ல.

தேன்மொழி எச்.ஆர்.

இதைத்தானுங்க நானும் சொல்ல வந்தேன்! மறுநாளே 70 பேருக்கு மேல உக்காந்து எங்க தப்புன்னு பேசியிருக்காங்க. கலாம் எல்லார் முன்னாடியும் 'பொறுப்பு என்னுது'ன்னு நிக்கறார். தவான் அவரைத் தள்ளி வைக்கல. யாரு மேல பழின்னு பாக்காம எது பழுதுன்னு பாக்கறாங்க. பண்பாடுங்கறது இதுதானுங்களே.

மைக்ரோமீட்டர் மாமா

அப்படின்னா அந்த வால்வை ஸ்லைடுல போடுங்க. ஏன் போடல? வால்வுக்கு யாரும் கண்ணீர் விடமாட்டாங்க. பிரஸ் மீட்டுக்குத்தான் விடுவாங்க. அந்த பிரஸ் மீட் 7:45. ராக்கெட் 7:58. இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல.

ஸ்டாண்டப் சுரேஷ்

யோவ் மாமா, 29 வருஷம் கழிச்சு வாயால சொன்னது. உங்க கல்யாண முகூர்த்தம் எத்தனை மணின்னு இப்ப சொல்லுங்க பாப்போம்.

மைக்ரோமீட்டர் மாமா

6:10ல இருந்து 7:20. கன்னி லக்னம். அடுத்த கேள்வி.

பாம்பன் பாலு

சுயசரிதையை அவர் தனியா எழுதல, இன்னொருத்தரும் சேர்ந்துதான் எழுதினார். 7:58 அவர் போட்ட தப்பா இருக்கும். எங்க அய்யா சொன்ன 7:45தான் சரி.

மைக்ரோமீட்டர் மாமா

ஆஹா. ஒரு மணி நேரம் முன்னாடி அந்தப் புத்தகத்துல இருக்கற ரயில் பேப்பர் கட்டைக் காட்டி என்னை மிரட்டினீங்க. இப்ப அதே புத்தகம் தப்பா?

விழுப்புரம் விஜி

நடுவுல வரேன். மைக்கைக் குடுக்கற பழக்கம் நிஜமாவே இஸ்ரோவுல இருக்கு. 2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்-3 நிலாவுல இறங்கின சாயங்காலம் டிவி பாத்தவங்களுக்குத் தெரியும். அப்போ தலைவரா இருந்த சோம்நாத் கொஞ்சம் பேசிட்டு, திட்ட இயக்குநர் வீரமுத்துவேலைப் பேச விட்டார். எங்க ஊர்க்காரர். இதுக்கு வீடியோவே இருக்கு, நிமிஷக் கணக்கோட. மாமா திருப்தியா?

ஸ்டாண்டப் சுரேஷ்

அதுவும் யார் பேசி முடிச்சதுக்கு அப்புறம்? முதல்ல தென்னாப்பிரிக்காவுல இருந்து பிரதமர் திரையில வந்து பேசினார். அப்புறம்தான் வீரமுத்துவேல் கைக்கு மைக் வந்துச்சு.

விழுப்புரம் விஜி

அரசியலைக் கொண்டு வராதீங்க ப்ளீஸ்.

ஸ்டாண்டப் சுரேஷ்

2019 செப்டம்பர் 7ல சந்திரயான்-2 சரியா இறங்காமப் போய், அப்போ இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் அழுதப்ப பிரதமர் கட்டிப்பிடிச்சு ஆறுதல் சொன்னது மட்டும் ஆன்மிகமா?

நாஞ்சில் நாட்டான்

சிவன் சாரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா வந்துச்சு, அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன் கேட்டியளா. விவசாயி மவன். ராம்நாட்டுக்காரனுக்கும் விழுப்புரத்துக்காரனுக்கும் மட்டும்தான் ராக்கெட் தெரியுமாக்கும்?

பாம்பன் பாலு

யாருய்யா அவரைத் தப்பா சொன்னது?

மட்டுறுத்துநர்

மாவட்டச் சண்டை வேண்டாம். கட்சிச் சண்டையும் வேண்டாம். இன்னொரு தடவை பார்த்தால் இழையைப் பூட்டிவிடுவேன்.

மைக்ரோமீட்டர் மாமா

பூட்டறதுக்கு முன்னாடி 7:45க்கு யாராவது பதில் சொல்லிடுங்க. விஜி தம்பி, 2023க்கு வீடியோ இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. 1979க்கு என்ன இருக்கு? அதைத்தான் கேக்கறேன்.

ஹீட் ட்ரீட்மென்ட் ஹரி

நாலு நாளா பேசாம படிச்சுக்கிட்டு இருந்தேன். மாமா யாருன்னு இப்ப தெரிஞ்சு போச்சு. "அழகான பீஸா இருந்தாலும் ரிஜெக்ட்"னு எங்க ஷாப்புல ஒரே ஒருத்தர்தான் சொல்லுவார். சார், 7:45 மேல உங்களுக்கு ஏன் இத்தனை கோவம்னு நான் சொல்லட்டுமா?

மைக்ரோமீட்டர் மாமா

நீ யாருன்னு எனக்கும் தெரியும். அந்தப் பேச்சு இங்க வேண்டாம்.

ஸ்டாண்டப் சுரேஷ்

வேணும் வேணும். சொல்லுங்க ஹரி சார்.

ஹீட் ட்ரீட்மென்ட் ஹரி

ஊர், கம்பெனி பேர் வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் ஒரே ஷாப். ஒரு ராத்திரி ஷிஃப்ட்ல ஃபர்னஸ் சூடு எகிறி ஒரு லோடு மொத்தமும் கெட்டுப்போச்சு. விசாரணை வந்துச்சு. ஃபர்னஸ் சார்ட்டுல ஒரு நேரம், மாமா எழுதின லாக் புக்குல வேற நேரம். சார்ஜ் மெமோ மாமாவுக்கு. ஒரு இன்கிரிமென்ட் கட். ஷாப் மேனேஜர் அறையை விட்டு வெளியவே வரல.

மைக்ரோமீட்டர் மாமா

ஆரம்பிச்சுட்ட, முழுசா சொல்லு. சுவர்க் கடிகாரம் பிந்தி ஓடுதுன்னு மூணு தடவை எழுத்துல குடுத்தேன். அந்தக் கடுதாசியை எவனும் விசாரணையில வைக்கல. மறு வருஷம் அதே ஷாப் உற்பத்தியில ரெக்கார்டு அடிச்சுது. மந்திரி வந்தார், மாலை வந்துச்சு, போட்டோவுல யார் நின்னான்? அறையை விட்டு வெளிய வராத அதே ஆள். அந்த போட்டோ கேன்டீன் வாசல்ல நான் ரிடையர் ஆகற வரைக்கும் தொங்கிச்சு. தினம் அதைப் பாத்துக்கிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

ஒரு இன்ஸ்பெக்டர் லாக் புக்குல நேரம் மாறினா இன்கிரிமென்ட் போகும். நாட்டுக்கே பாடம் எடுக்கற கதையில நேரம் மாறினா தாமரைப்பூ போடுவாங்களா?

தேன்மொழி எச்.ஆர்.

சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க சொன்ன மேனேஜருக்கு நேர் எதிரான ஆள்தானுங்க தவான். உங்களுக்கு நடந்ததுதான் என் ஸ்லைடுக்கே காரணம். ஒத்துக்கங்க.

மைக்ரோமீட்டர் மாமா

ஒத்துக்கறதா? எங்க மேனேஜரும் அந்த தவான் கதையைத்தான் வருஷா வருஷம் பாதுகாப்பு வார விழா மேடையில சொன்னார் மேடம். அதுவும் கண் கலங்கி.

வெல்டிங் வெங்கடேசு

அடப்பாவமே.

பாம்பன் பாலு

அதுக்கு எங்க அய்யா என்ன பண்ணுவாரு? உங்க மேனேஜரைப் போய்க் கேளுங்க.

ஹீட் ட்ரீட்மென்ட் ஹரி

ஒண்ணு மட்டும் திருத்தறேன். கடுதாசி ரெண்டு தடவைதான் குடுத்தீங்க, மூணு இல்ல. ஒண்ணை டைப் அடிச்சதே நான்தான்.

மைக்ரோமீட்டர் மாமா

மூணு. கார்பன் காப்பி என் பீரோவுல இருக்கு.

ஹீட் ட்ரீட்மென்ட் ஹரி

இருந்தா போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்.

மைக்ரோமீட்டர் மாமா

நாளைக்குக் காலையில ஸ்கேன் பண்ணிப் போடறேன். அதுக்குள்ள யாராவது 7:45க்கு...

ஸ்டாண்டப் சுரேஷ்

காலையில எத்தனை மணிக்கு மாமா?