ஏற்காட்டுல சுட்டா மட்டும் குண்டு மேலயும் கீழயும் போகுது. எந்த பெல்லட் (ஏர் பிஸ்டல் ஈயக் குண்டு) வாங்கலாம்?

செவ்வாய்ப்பேட்டைப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடறேன். வார நாள்ல சேலத்துல கிளப் ரேஞ்சு. சனி ஞாயிறு ஏற்காட்டுல சித்தப்பா வீடு. நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம், அங்க நீளமா ஒரு குடோன் இருக்கு. அளந்து 10 மீட்டர் போட்டு, பின்னாடி இரும்புத் தகடு வெச்ச பெட்டியில டார்கெட் அட்டை மாட்டிருக்கோம்.

பிரச்சினை இதுதான். கீழ சுட்டா 10 குண்டு அட்டைக்கு நூத்துக்கு 90, 91 வருது. மேல போனா 86, சில நாள் 85. இடம் வலம் தள்ளலை, மேலயும் கீழயும்தான் சிதறுது. ட்ரிகர் சரியா விட்டேன்னு மனசு சொல்ற குண்டுகூட 8 வளையத்துல போய் உக்காருது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் 300க்கும் கம்மி. காத்து மெலிசா இருக்கிறதாலயா? அப்படின்னா மலைக்குன்னு தனியா கனமான பெல்லட் வாங்கணுமா? அடுத்த மாசம் மாவட்டப் போட்டி இருக்கு. தயவுசெஞ்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பத்துமீட்டர்பைத்தியம்:

என்ன பிஸ்டல்ங்க தங்கச்சி? அழுத்தக் காத்து சிலிண்டரா, கார்பன் டை ஆக்சைடா? பழைய கார்பன் டை ஆக்சைடு மாடலா இருந்தா விடை அங்கயே கிடைச்சிரும். 30 டிகிரியில அந்த வாயுவோட அழுத்தம் 70 பாருக்கு மேல. 10 டிகிரியில 45 கிட்ட வந்துரும். மார்கழிக் காலையில ஏற்காட்டுக் குளிருக்கு குண்டு சோம்பிப் போயிரும்.

செவ்வாய்ப்பேட்டைப்பொண்ணு:

காத்து சிலிண்டர்தான் அண்ணா, 200 பார். அழுத்தத்தை ஒரே அளவா வெக்கற ரெகுலேட்டர் உண்டு. 100க்குக் கீழ இறங்க விடறதே இல்லை.

பழையகோச்:

அப்போ உயரத்தை மறந்துரும்மா. காரணத்தைச் சொல்லிடறேன், இல்லைன்னா மனசுல உறுத்திட்டே இருக்கும்.

மேட்ச் (போட்டி) ஏர் பிஸ்டல்ல குண்டு கிளம்பற வேகம் வினாடிக்கு 150 மீட்டர் சுமார். 10 மீட்டர் போறதுக்குள்ள இரண்டரை செ.மீ. கிட்ட கீழ விழும், அதைத்தான் குறி பார்க்கற சைட்ல திருகி ஈடு கட்டியிருக்கோம். ஏற்காட்டுல காத்தோட அடர்த்தி எட்டுல ஒரு பங்கு கம்மின்னு வெச்சுக்கிட்டாலும், அதனால குண்டு மேல ஏறறது அரை மில்லிமீட்டர்கூட வராது. நம்ம அட்டையில ஒரு வளையத்துக்கும் அடுத்ததுக்கும் 8 மி.மீ. இடைவெளி. 10 வளையமே 11.5 மி.மீ. அகலம். அரை மில்லிமீட்டர் எங்க தெரியப் போகுது? அதோட, உயரம் காரணமா இருந்தா எல்லாக் குண்டும் ஒரே அளவு மேல ஏறணும், சிதறக் கூடாது. உனக்குச் சிதறுதுன்னு சொல்றே. அப்போ குண்டுக்குக் குண்டு ஏதோ ஒண்ணு மாறுது.

ரெண்டு கேள்வி. குடோன்ல வெளிச்சம் எப்படி? அங்க சுடற பெல்லட்டும் கீழ சுடற பெல்லட்டும் ஒரே டப்பாவா?

வெட்டிவேலு:

குறுக்க வரேன், மன்னிக்கணும். வீட்ல வெச்சு சுட லைசென்ஸ் வேணாமா?

பத்துமீட்டர்பைத்தியம்:

4.5 மி.மீ. துளை, 20 ஜூலுக்குள்ள சக்தி இருந்தா வேணாம், 2016 ஆயுத விதிகள்ல அப்படித்தான். மேட்ச் பிஸ்டல் 6 ஜூலைத் தாண்டறதே அபூர்வம். பின்தடுப்பு மட்டும் உறுதியா இருக்கணும்.

செவ்வாய்ப்பேட்டைப்பொண்ணு:

கோச் சார், வெளிச்சம் ஒரு டியூப்லைட்தான். பெல்லட் வேற வேற. கீழ கிளப்ல சீல் பிரிக்காத டப்பாவா எடுத்துத் தருவாங்க. மேல சித்தப்பா வீட்டுல ஒரு எவர்சில்வர் சம்படத்துல போட்டு வெச்சிருக்கு. அதுலேர்ந்து எடுத்துச் சுடுவேன்.

பழையகோச்:

சம்படமா! அதைக் கேட்டதும் எனக்குப் பாதி புரிஞ்சுபோச்சு.

பெல்லட் ஈயத்துல செஞ்சது. தலைப் பக்கம் தட்டையா இருக்கும், பின்பக்கம் குழிவா மெல்லிசா ஒரு பாவாடை. அந்தப் பாவாடைதான் காத்தழுத்தத்துல விரிஞ்சு பேரலோட (பிஸ்டல் குழாயோட) ஒட்டிப் போகுது. அது நசுங்கினா காத்து ஒரு பக்கமா கசியும், பேரல் வாயை விட்டு வெளிய வர்றப்பவே குண்டைத் தள்ளிவிட்டுரும். கம்பெனி டப்பாவுல ஸ்பாஞ்சு வெச்சு அடைக்கறது இதுக்காகத்தான். சம்படத்துல அது ஒண்ணோட ஒண்ணு மோதி உருளும். மலைக்கு எப்படி எடுத்துட்டுப் போனே?

செவ்வாய்ப்பேட்டைப்பொண்ணு:

ஐயோ சார். அண்ணன் பைக் பெட்டியில சம்படத்தோட போச்சு. இருபது கொண்டை ஊசி வளைவும் கடகடன்னு சத்தம் கேட்டுட்டே வந்தது.

கொலுசுக்கடைசெல்வம்:

தங்கச்சி, செவ்வாய்ப்பேட்டைன்னு பேர் வெச்சிருக்கியே, பக்கத்துல வெள்ளிப் பட்டறை இருக்குமே? மில்லிகிராம் தராசு இல்லாத பட்டறை கிடையாது. அம்பது பெல்லட்டை ஒவ்வொண்ணா எடை போட்டுப் பாரு. நசுங்கினது கண்ணுல படும். எடை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

பழையகோச்:

செல்வம் சொல்றது அருமையான யோசனை. எடை போடறப்பவே ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாவாடை வட்டமா இருக்கான்னு பாரும்மா. அப்புறம் சம்படத்துக் குண்டைக் கீழ கிளப்புல சுடு, கிளப் டப்பாவை மடியில வெச்சு பஸ்ல மேல கொண்டுபோய்ச் சுடு. ரெண்டையும் கையில நீட்டிச் சுடாதே. மணல் மூட்டை மேல மணிக்கட்டை ஊனி, ஒரு அட்டைக்கு 5 குண்டு, ரெண்டு வகையிலயும் நாலு நாலு அட்டை. ஓட்டைகளோட வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து 4.5 கழிச்சுக்கோ, அதுதான் குரூப், அதாவது சிதறலோட அளவு. புது டப்பா வாங்கறதுக்கு முன்னாடி இதைச் செய். பணம் போட்டு வாங்கின புது பெல்லட்டுலயும் இதே மாதிரி சிதறினா நீ உன் கையையே சந்தேகப்பட ஆரம்பிச்சுருவே. ஒரு நல்ல பிள்ளை அப்படி பிஸ்டலையே கீழ வெச்சதைப் பார்த்திருக்கேன்.

நாகலூர்க்காரன்:

நானும் அந்தப் பக்கம்தான் கண்ணு. ஒரு விஷயம், குடோன்ல காப்பி மூட்டை அடுக்கியிருந்தா அங்க சுடாதீங்க. தகட்டுல மோதறப்ப ஈயத்தூள் பறக்கும். பெட்டியில விழுந்த ஈயத்தை ஈரத்துணியால ஒத்தி எடுங்க, விளக்குமாறால கூட்ட வேண்டாம். சுட்டு முடிச்சதும் சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் காப்பித் தம்ளரைத் தொடணும்.

செவ்வாய்ப்பேட்டைப்பொண்ணு: (ஒன்பது நாள் கழிச்சு)

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முழுசா எழுதறேன்.

அப்பா பட்டறையிலயே எடை போட்டோம். சம்படத்துலேர்ந்து கைக்கு வந்த 50ல 32 பெல்லட் 0.45 கிராம் பக்கத்துல, மிச்சம் 18 பெல்லட் 0.53 கிராம் பக்கத்துல! நடுவுல ஒண்ணுகூட இல்லை. சித்தப்பாவுக்கு போன் போட்டேன். அவர் பையன் ரைபிள் சுடறவன், அவன் மிச்சம் வெச்ச கனமான பெல்லட் டப்பாவையும் என்னோடதையும் "ஒரே மாதிரிதானே கண்ணு இருந்துச்சு"ன்னு ஒண்ணாக் கொட்டி வெச்சிருக்கார். பாவாடை நெளிஞ்சது 50ல 11.

மணல் மூட்டை மேல சுட்டதுல சம்படத்துக் குண்டு கிளப்புலயும் 10, 11 மி.மீ. சிதறிச்சு, மேல கீழதான். கிளப் டப்பா ஏற்காட்டுல 4லேர்ந்து 5 மி.மீ. மலை மேல எந்தக் குத்தமும் இல்லை.

பழையகோச்:

கணக்கும் ஒத்துப்போகுது பாரும்மா. ஒரே அழுத்தத்துல 0.53 குண்டு மெதுவாத்தான் போகும், 10 மீட்டர்ல லேசானதைவிட மூணு நாலு மில்லிமீட்டர் அதிகமாக் கீழ விழும். அதோட நெளிஞ்ச பாவாடை சேர்ந்தா உன் 8 எங்கேர்ந்து வந்ததுன்னு தெரிஞ்சுபோச்சு. கை உன்னோடது நல்லாத்தான் இருக்கு. ஆனா டியூப்லைட்டை விட்டுறாதே. போட்டியில டார்கெட் மேல குறைஞ்சது 1,500 லக்ஸ் வெளிச்சம் விழணும்னு விதி. அட்டைக்கு நேரா ஒரு எல்.இ.டி. ஃப்ளட் லைட் மாட்டு, முன்சைட் ஓரம் கூர்மையாத் தெரியும்.

இப்போ நீ முதல்ல கேட்ட கேள்விக்கு வரேன். பிஸ்டலுக்கு லேசான மேட்ச் பெல்லட்டே போதும். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10ல 0.45, 0.53 ரெண்டும் வருது, லேசானதை எடு, பேரலை விட்டுச் சீக்கிரம் வெளிய போகும். எச் அண்ட் என் ஃபினாலே மேட்சும் நல்லது. அதைவிட முக்கியம் தலை அளவு. 4.49, 4.50, 4.51 மி.மீ.னு டப்பாவுல போட்டிருக்கும். உன் பேரலுக்கு எது பிடிக்கும்னு பேரல்தான் சொல்லணும். மூணுலயும் ஒவ்வொரு டப்பா வாங்கி இதே மாதிரி மூட்டை மேல சுடு. என் பேரலுக்கு 4.49, என் மாணவன் ஒருத்தனுக்கு அதே மாடல் பிஸ்டல்ல 4.51.

செவ்வாய்ப்பேட்டைப்பொண்ணு: (பன்னெண்டு நாள் கழிச்சு)

சார், மூணும் சுட்டாச்சு. 4.50தான். நாலு அட்டையும் 4 மி.மீ.க்குள்ள. நேத்து குடோன்ல புது லைட் போட்டுக் கை நீட்டிச் சுட்டேன், 92, 90, 93. அதே டப்பா இன்னும் ஆறு சொல்லி வெச்சுட்டேன்.

பழையகோச்:

சொல்றப்பவே டப்பாவுல அச்சடிச்சிருக்கிற லாட் நம்பரை, அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணைப் படிச்சுச் சொல்லு, அதே நம்பர்ல வேணும்னு கேளு. அதே 4.50ஆ இருந்தாலும் வேற லாட் வந்தா மறுபடியும் மூட்டை மேல வெச்சுப் பார்க்கணும். அந்தச் சம்படத்தைச் சித்தப்பா பருப்புக்கு எடுத்துறப் போறாரும்மா, ஈயம் இருந்த பாத்திரம், சமையலறைப் பக்கமே வேண்டாம்னு இன்னைக்கே சொல்லிடு.

செவ்வாய்ப்பேட்டைப்பொண்ணு:

சொல்லிட்டேன் சார். ஆணி போட்டு வைக்க எடுத்துக்கிட்டாரு.