மறுமொழி: ஸ்னோபோர்டு ‘பைண்டிங்’: பிணைப்பா, பூட்டா?

> பைண்டிங் = பிணைப்பு. ஸ்கீ, பனிப்பலகை இரண்டுக்குமே பொருந்தும்.

> பூட்டு என்றால் சாவிதான் நினைவுக்கு வருகிறது, அண்ணே.

குழுமத்தாருக்கு வணக்கம்.

நம் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களில் பனிப்பலகை (ஸ்னோபோர்டு), விளிம்பு, வார் எல்லாம் முடிவாகிவிட்டதில் மகிழ்ச்சி. பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் ‘பைண்டிங்’குக்குப் பிணைப்பு என்பது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. இரண்டுக்கும் பொருந்துவதுதான் அதன் குறையே. காலுக்கு ஒன்றாக மாட்டும் ஸ்கீயில் கால் முறுக்கிக்கொண்டு விழுந்தால் பைண்டிங் தானாகக் கழன்றுவிடும். காலைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. பனிப்பலகையில் அது கழலாது. இரண்டு காலும் ஒரே பலகையில் இருக்க, ஒன்று மட்டும் விடுபட்டால் மற்றக் காலை முழுப் பலகையும் சேர்ந்து முறுக்கிவிடும். அதனால் நாமே கையால் அவிழ்த்தால்தான் உண்டு. லிஃப்டில் ஏறும்போது பின்காலை அவிழ்ப்பதும் அப்படித்தான். ஆகவே பனிப்பலகைக்குப் ‘பாதப்பூட்டு’, ஸ்கீக்கு ‘விடுபூட்டு’ என்பது என் பரிந்துரை.

தம்பி, நம் பக்கத்தில் “வண்டி பூட்டியாச்சா?” என்று கேட்பார்களே, அதில் சாவி ஏது? மாட்டைப் பூட்டுகிறோம், அவிழ்க்கிறோம். இங்கேயும் அதே இரண்டு வினைகள்தான் வேண்டும்.

அப்புறம், கையேட்டுக்கு. காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி என்று பனிச்சறுக்குக்கு எப்போதாவது போகும் நம் காரைக்குடிப் பிள்ளைகள் பலகையையும் பாதப்பூட்டையும் வாடகைக்கு எடுப்பதே மேல். பணம் இருந்தால் முதலில் பூட்ஸ் வாங்கட்டும். முழங்காலை மடக்கும்போது குதிகால் உள்ளே எழும்பக் கூடாது. நிமிர்ந்து நிற்கையில் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடலாம். பூட்ஸ் தொளதொளவென்றிருந்தால் எவ்வளவு விலையுள்ள பலகையும் சொன்னபடி திரும்பாது. மணிக்கட்டுக் காப்பையும் விட்டுவிடாதீர்கள்; புதிதாகப் பழகுகிறவர்கள் விழும்போது கையை ஊன்றித்தான் மணிக்கட்டை உடைத்துக்கொள்கிறார்கள்.

சொந்தப் பலகைதான் வேண்டுமென்றால் பழையதே போதும். கம்பெனிகள் போடும் 1 முதல் 10 வரையான விறைப்பு எண்ணில் (10 என்றால் மிக விறைப்பு) 3, 4 அளவில் இருந்தால் பழகச் சுலபம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளைத் தட்டிப் புரட்டிப் பார்த்து வாங்குகிற ஊர்க்காரர்களுக்கு எஃகு விளிம்பின் விரிசலையும் அடிப்பரப்பின் ஆழமான வெட்டையும் பார்க்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏமாறுகிற இடம் துளைகள். பல பலகைகளில் பாதப்பூட்டை மாட்டும் திருகுத் துளைகள் 4 செ.மீ. இடைவெளியில் இருக்கும், சிலவற்றில் 2 செ.மீ. பர்ட்டன் கம்பெனியின் பெரும்பாலான பலகைகளில் துளைக்குப் பதில் நீளவாக்கில் ஒரு காடி ஓடும். பாதப்பூட்டின் அடித்தட்டு எதற்குப் பொருந்தும் என்று கேட்காமல் தனித்தனியாக மலிவில் வாங்கினால் இரண்டையும் சேர்த்து மாட்டவே முடியாமல் போகலாம். ஹெல்மெட் மட்டும் பழையது வேண்டாம். ஒருமுறை அடிபட்டிருந்தால் வெளியில் தெரியாது.

இந்தத் துளை அமைப்புக்கும் ஒரு சொல் தேவை. ‘துளைவரிசை’ என்று வைத்தால் காடியுள்ள பலகை அதில் அடங்காது. ‘பூட்டுத்தடம்’ சரிவருமா? பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து