சான்றிதழ் இருக்கிறது, இயந்திரத்தருகே நின்று கற்பிக்க வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். மெல்பர்னில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் பொதியிடும் பிரிவில் வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் என்னுடையது. அதற்காக இங்கு எல்லோரும் வாங்கும் 'பயிற்சி மற்றும் மதிப்பீடு, சான்றிதழ் நான்கு' (நான்காம் நிலைச் சான்றிதழ்) படிப்பை முடித்தேன். 2022இல் திருத்தப்பட்ட பாடத்திட்டம், மொத்தம் 12 அலகுகள் (பாடப்பகுதிகள்).

மதிப்பீட்டுக் கருவி (திறனைச் சோதிக்கும் கேள்வித்தாள், சரிபார்ப்புப் பட்டியல் போன்றவை) தயாரிப்பது, கற்பவரின் திறனுக்கான ஆதாரங்களை அலகின் தேவைகளோடு பொருத்திக் காட்டுவது ஆகியவற்றை நன்றாகவே சொல்லித்தந்தார்கள். தணிக்கைக்கு அது போதும். ஆனால் காதடைப்பான் மாட்டிய இரைச்சலில், ஆங்கிலம் தடுமாறும் ஒருவருக்கு, ஓடும் உற்பத்தி வரிசையை நிறுத்தாமல் எப்படிக் கற்பிப்பது? என் வகுப்பில் இதற்குச் செயல்முறையே இல்லை. திட்டம் எழுதிக் கொடுத்தால் தேர்ச்சி. இருபது வருடம் இயந்திரத்தோடு பழகிய மூத்தவர் ஒருவர் சான்றிதழ் இல்லாமலேயே என்னைவிட நன்றாகக் கற்பிக்கிறார். ஆனால் அவரால் முறையாக மதிப்பிட்டுக் கையெழுத்திட முடியாது, நான் இடலாம். வேடிக்கைதான்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பரவிய நான்கு படிமுறையைப் பற்றிப் படித்தேன்: ஆளைத் தயார்ப்படுத்து, செய்துகாட்டு, செய்யவிடு, பின்தொடர். வேலையைப் படிகளாகவும் ஒவ்வொன்றிலும் கவனிக்கவேண்டிய நுணுக்கங்களாகவும் பிரித்து எழுதும் தாள் அதன் உயிர்.

அப்படி யாராவது தயாரித்திருக்கிறீர்களா? ஒரு மாதிரித் தாள் பகிர முடியுமா? அந்த மூத்தவரின் கைப்பழக்கத்தை எழுத்தில் பிடிக்க என்ன கேள்விகள் கேட்கலாம்? முதியோர் பராமரிப்பு, கட்டுமானத் துறைகளில் இருப்பவர்களும் சொல்லுங்கள்.