மகனுக்கு டிஎல்ஏ (பிரிட்டனில் உடல்நலக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகை) வந்தது, மொபிலிட்டி மட்டும் இல்லை. உதவுங்கள்!

தூங்காதஅம்மா:
கேர் (பராமரிப்புக்கான பங்கு) கொடுத்துவிட்டு மொபிலிட்டியை (வெளியே போய்வருவதற்கான பங்கு) மறுத்துவிட்டார்கள். மகனுக்கு ஆட்டிசம். வாசலைத் தாண்டினால் கையை உதறிவிட்டு ஓடுவான், இல்லையென்றால் ரோட்டிலேயே படுத்துக்கொள்வான். இனி என்ன செய்வது? அவசரம்.

ராகவி:
வயது என்ன? கேர் எந்த ரேட், லோயஸ்ட்டா, மிடிலா, ஹையஸ்ட்டா? கடிதத்தில் என்ன தேதி?

குணா:
நடக்கிற பிள்ளைக்கு மொபிலிட்டி கிடைக்காது தங்கச்சி. பிசியோ கடிதம் இல்லாமல் அசையமாட்டார்கள்.

நிலா:
அப்படி இல்லை அண்ணா. மொபிலிட்டியில் லோயர், ஹையர் என்று இரண்டு ரேட். லோயர் ரேட் இருப்பதே நடக்கிற பிள்ளைகளுக்காகத்தான். பழக்கமில்லாத இடத்தில், அதே வயதுப் பிள்ளையைவிட மிக அதிகமாகக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது என்று காட்ட வேண்டும். ஆனால் 5 வயது ஆகியிருக்க வேண்டும். ஹையர் என்றால் 3 வயது.

பழையவர்:
இதை எத்தனை தடவைதான் எழுதுவது? தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஓடுகிற பிள்ளைக்கும் ஹையர் உண்டு. கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான நடத்தைச் சிக்கலும் சேர்ந்திருக்க வேண்டும், அதோடு கேர் ஹையஸ்ட் ரேட்டில் இருக்க வேண்டும். மிடில் என்றால் அந்த வழி இல்லை.

குணா:
மறுபரிசீலனை கேட்டால் கையில் இருப்பதும் போகும். எல்லாரும் மொபிலிட்டிப் பணத்துக்குப் பதிலாக வாடகைக்குக் கிடைக்கிற கார் ஆசையில் கேட்கிறார்கள்.

ராகவி:
கார் ஆசையா? ஓடுகிற பிள்ளையோடு ஒருநாள் பஸ்ஸில் போய்ப் பாருங்கள்.

குணா:
நான் பொதுவாகத்தான் சொன்னேன்.

பழையவர்:
காருக்கும் ஹையர் மொபிலிட்டி வேண்டும், அதுவும் அந்த உதவித்தொகை முடிய 12 மாதமாவது மீதி இருக்க வேண்டும். தெரியாமல் பேசாதீர்கள்.

நிலா:
சண்டையை விடுங்கள். முழு முடிவையும் திரும்பப் பார்ப்பார்கள் என்பது உண்மைதான், குறையவும் செய்யலாம். அதனால் கேட்கும் முன் ஒரு ஆலோசகரிடம் காட்டுங்கள். அம்மா, இரவில் எப்படி?

தூங்காதஅம்மா:
4 வயது 10 மாதம். கேர் மிடில். இரவில் மூன்று நான்கு தடவை எழுவான், நான் கூடவே உட்கார்ந்திருப்பேன். நடக்கிறதற்கும் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அதை எழுதவில்லை.

நிலா:
அங்கேதான் விட்டுவிட்டீர்கள்! பகலோடு இரவுத் தேவையும் சேர்ந்தால்தான் கேர் ஹையஸ்ட், அது இருந்தால்தான் பழையவர் சொன்ன ஹையர் மொபிலிட்டி வழி திறக்கும். ஒரே இரவில் இரண்டு தடவையாவது எழுந்து கவனித்தாலோ, ஒரே தடவையில் 20 நிமிடம் ஆனாலோ பொதுவாகக் கணக்கில் எடுப்பார்கள். எழும் நேரத்தை இன்றிலிருந்தே குறித்து வையுங்கள். மறுபரிசீலனைக்குக் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதம்தான். அது சரிவராவிட்டாலும் 5 வயதில் லோயருக்குக் கேளுங்கள்.

தூங்காதஅம்மா:
தேதி பார்த்தேன், 19 நாள் ஓடிவிட்டது. நாளைக்கே ஃபோன் செய்கிறேன். எழுந்துவிட்டான், அப்புறம் வருகிறேன்.