ஹான் அம்மா கேட்ட தண்ணீர்

குழு: அம்மம்மா வீடு
வெள்ளிக்கிழமை

நான், இரவு 7.38
நேற்று அந்தக் கொரியத் தொடரில், சங்குமிக்கு அரண்மனைக் குசினியில் சமையல் படிப்பித்த ஹான் அம்மா சாகிற பகுதி பார்த்தேன். ரூபவாஹினியில் சிங்களத்தில் "சுஜாத தியணி" என்று போன காலத்தில் ஒரு தடவை பார்த்தது, இப்போது இரண்டாம் தடவை. என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்தும் அழுகை நிற்கவில்லை. ஜேஜு தீவுக்குக் கொண்டு போகிற வழியில், சங்குமியின் முதுகிலேயே உயிர் போய்விடுகிறது. இன்று வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் அதே நினைவு.

பெரியம்மா, 7.41
அந்தப் பகுதி வந்தால் நான் எழும்பிக் குசினிக்குப் போய்விடுவேன் மகள். அன்றைக்கும் அப்படித்தான், இன்றைக்கும் அப்படித்தான். அரசர் மயங்கி விழுந்தது வாத்துக்கறியால் என்று பழியைப் போட்டுவிட்டார்கள். "நான்தான் செய்தேன், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது" என்று ஹான் சொல்கிறாள். "நான்தான், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது" என்று இவள் சொல்கிறாள். பெற்ற தாயும் மகளும்கூட அப்படி நிற்பார்களா?

தம்பி, 7.44
நான் 54 பகுதியும் முடித்துவிட்டேன். அறையில் நாலு பேரும் சேர்ந்து பார்த்தோம். ஒருவர் நேபாளம். அவருக்குத் தமிழும் விளங்காது, கொரியனும் விளங்காது, கீழே ஓடுகிற ஆங்கிலமும் அரைகுறை. ஆனால் அந்த இடத்தில் அவர்தான் முதலில் கண்ணைத் துடைத்தார்.

மச்சாள், 7.46
எல்லாரும் ஹானுக்கு அழுகிறீர்கள். எனக்கு இந்தத் தடவை கும்-யங்கை நினைத்துத்தான் கூட அழுகை வந்தது. யாரும் கோபிக்க வேண்டாம்.

பெரியம்மா, 7.46
கும்-யங்கா? என்ன கா சொல்கிறாய்?

மச்சாள், 7.52
ஓம் மாமி, கும்-யங்தான். அவளுக்குக் கைப்பக்குவம் இல்லையா? இருக்கிறது. சங்குமியோடு நேர்மையாகப் போட்டி போட்டு வெல்ல வேண்டும் என்ற ரோசம் இல்லையா? அதுவும் இருக்கிறது. ஆனால் பிறந்த வீடு சோய் வீடு. அரண்மனைக் குசினியின் தலைமைப் பதவியை அத்தை சோயிடம் இருந்து மருமகள் வாங்க வேண்டும், அதை வைத்துக் குடும்பம் வியாபாரத்தையும் செல்வாக்கையும் காப்பாற்ற வேண்டும். அரண்மனைப் பெண்கள் கல்யாணம் முடிக்க முடியாது, அதனால் பொறுப்பு அத்தை, மருமகள் என்றே இறங்குகிறது. சின்ன வயதில் இருந்தே அவள் மனதில் மின் ஜொங்-ஹோ இருக்கிறார். அவருடைய மனம் சங்குமியிடம், இவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பதவிக்காகச் சோறு சமைக்க ஒருத்தியை வளர்த்துவிட்டு, மறுகா ஏன் உனக்கு அன்பில்லை என்று கேட்டால் அவள் எங்கே போவாள்?

நான், 7.54
மச்சாள், இதை நான் யோசிக்கவே இல்லை. நம்முடைய பக்கத்திலும் குடி என்கிற குலம் தாய் வழிதானே. வீடும் வளவும் பெண் பிள்ளைக்கு என்று கொடுக்கும்போது அந்த வீட்டின் பாரமும் சேர்ந்துதான் அவள் தலையில் ஏறுகிறது.

பெரியம்மா, 7.57
பாரம் எல்லாருக்கும் இருக்கிறது. ஹானுக்கு இல்லையா? சங்குமியின் தாய்க்கு நஞ்சு கொடுத்த இரவில் ஹானும் சின்னப் பெட்டைதான். பயந்து கை கட்டி நின்றாளா? ஒருவருக்கும் தெரியாமல் நஞ்சுக்கு முறிவு மருந்து கலந்து வைத்தாள், அதனால்தான் அந்தப் பெண் பிழைத்தாள். அதே இரவில், அதே வயதில், சோய் என்ன செய்தாள்? நீ கும்-யங்கைப் பற்றிச் சொல், நான் கேட்கிறேன். ஆனால் சோய்க்கு மட்டும் வக்காலத்து வாங்கி வராதே.

மாமி, 8.01
இடையில் ஒன்று. திங்கட்கிழமை கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்குத் தம்பிலுவிலுக்கு யார் யார் வருகிறீர்கள்? வேன் பிடிக்க வேண்டும். பொங்கல் பானை நான் வாங்கிவிட்டேன்.

அம்மா, 8.02
நாங்கள் மூன்று பேர் மச்சாள். தேங்காய் நான் கொண்டு வருகிறேன்.

மாமா, 8.10
கதையை விட்டு ஒரு விசயம் சொல்கிறேன், பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். நாங்கள் சங்குமி என்கிற சாங்-கும் என்ற பெண் உண்மையாகவே இருந்தவள். கொரியாவின் ஜோசன் அரச நாட்குறிப்புகளில், ஜுங்ஜொங் அரசர் காலத்துப் பக்கங்களில் அவள் பெயர் வருகிறது. 1515இல் அரசி பிள்ளை பெற்றுச் சில நாளில் இறந்தபோது, பக்கத்தில் இருந்த மருத்துவப் பெண் சாங்-குமைத் தண்டிக்கச் சொன்னார்கள். அரசர் கடும் தண்டனை கொடுக்கவில்லை. 1544இல் அவர் மரணப் படுக்கையில் கிடந்தபோது "என் நோய் மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறது. இடையில் 29 வருடம்! அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டுதான் 54 பகுதிக் கதையைக் கட்டினார்கள். குசினியும் ஹானும் சோயும் கும்-யங்கும் கற்பனை.

தம்பி, 8.12
அப்ப அரசர் நல்லவரா மாமா? தொடரில் எனக்கு அவர் மேல்தான் கோபம். எல்லாம் தெரிகிறது, ஆனால் ஒன்றையும் தடுக்க மாட்டார்.

மாமா, 8.16
அவர் நிலைமையையும் பார். 1506இல் அவருடைய அண்ணனைக் கவிழ்த்துவிட்டு அமைச்சர்கள்தான் இவரைத் தூக்கிச் சிம்மாசனத்தில் வைத்தார்கள். வைத்தவர்களுக்கு இறக்கவும் தெரியும். அந்தப் பயத்தோடு 38 வருடம் ஆண்ட மனிதர். நடிகர் அதை நன்றாகப் பிடித்திருக்கிறார். ஒரு கட்டளை போடுவதற்கு முன் அவர் கண் எப்படி அமைச்சர் பக்கம் போய் வருகிறது என்று கவனித்துப் பார்.

பெரியம்மா, 8.18
தான் விரும்பியவளைக் கடைசியில் மின் ஜொங்-ஹோவிடமே அனுப்பி வைத்தாரே, அதற்காக மட்டும் நான் அவரை மன்னித்தேன்.

சின்னம்மா, 8.25
இப்போதுதான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன், எல்லாவற்றையும் வாசித்தேன். ஒருவரும் ஷின்-பியின் பெயரைச் சொல்லவில்லை! இரண்டாம் பாதியில் சங்குமியோடு மருத்துவம் படிக்க வருகிற அந்த அமைதியான பிள்ளை. எனக்குத் தொடரிலேயே பிடித்தது அவளைத்தான்.

சின்னம்மா, 8.31
சங்குமி கெட்டிக்காரி. பார்த்தவுடன் நோயைச் சொல்லிவிடுவாள். ஷின் இக்-பில் என்ற ஆசிரியர் அவளுக்குத் தேறவில்லை என்று போடுகிறார். ஷின்-பி அவ்வளவு கெட்டிக்காரி இல்லை, அதனால் நோயாளியிடம் கேட்டுக் கேட்டுத்தான் முடிவுக்கு வருவாள். அவள் தேறுகிறாள். முதல் தடவை பார்த்தபோது அந்த ஆசிரியர் மேல் எனக்கும் ஆத்திரம் வந்தது. இப்போது வார்டில் 26 வருடம் வேலை செய்துவிட்டுப் பார்க்கிறேன், அவர் போட்ட புள்ளி சரி. புதிதாக வருகிற பிள்ளைகளில் கெட்டிக்காரிகளைப் பற்றித்தான் எனக்குப் பயம். கட்டிலடியில் நின்று அட்டையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

நான், 8.33
சின்னம்மா, மருத்துவப் பெண்கள் என்று தனியாக ஒரு கூட்டம் வைத்திருந்தார்களா அங்கே?

சின்னம்மா, 8.37
ஓம். 1406இல் தொடங்கினார்கள். பெண்கள் ஆண் வைத்தியருக்கு உடம்பைக் காட்ட வெட்கப்பட்டு, வருத்தத்தை மறைத்துச் செத்துப்போனார்கள். அதனால் பெண்களுக்கே மருத்துவம் படிப்பித்தார்கள். ஆனால் யாரைப் படிப்பித்தார்கள்? பெரிய வீட்டுப் பெண்களை இல்லை, அடிமைப் பெண்களை. உயிரைக் காப்பாற்றுகிறவள், ஆனால் சபையில் கடைசி வரிசை. தொடரில் அமைச்சர்கள் அவளைப் பேசுகிற பேச்சைக் கேளுங்கள். "ஒரு பெண்ணா அரசரின் உடம்பைப் பார்ப்பது" என்று எத்தனை எதிர்ப்பு.

தம்பி, 8.39
அந்த இடத்தில் எங்கள் அறையே எழும்பி நின்று சத்தம் போட்டது.

பெரியம்மா, 8.45
கோயில்களில் கண்ணகி வழக்குரை படிக்கிற நாட்களில் இந்தத் தொடரைப் பார்ப்பதும் ஒரு பொருத்தம்தான். கண்ணகி ஒரு சிலம்பை எறிந்து உடைத்தாள், ஒரே சபையில் வழக்கு முடிந்தது. சங்குமியிடம் சிலம்பு இல்லை. ஹானின் பெயரில் இருந்த களங்கத்தைத் துடைக்க எத்தனை வருடம் சாட்சி தேடினாள்! குசினியில் இருந்து அடிமையாகி, அடிமையில் இருந்து மருத்துவம் படித்து, படித்ததை வைத்துக்கொண்டு திரும்பவும் அதே வாசலால் உள்ளே வந்தாள். அதனால்தான் ஹான் குற்றமற்றவள் என்று அறிவித்த நேரம் நான் கும்பிட்டுவிட்டேன். தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்துத்தான் கும்பிட்டேன்.

மச்சாள், 8.49
அதற்குப் பிறகு சோய் மலையில் இருந்து விழுந்து சாகிறாளே மாமி, அப்போது சங்குமியின் முகத்தில் சந்தோசம் இல்லை. நீங்களும் பாருங்கள். கண்ணகி வென்ற பிறகும் நெருப்பாகத்தான் நின்றாள். அதனால்தானே நாங்கள் வருடா வருடம் குளிர்த்தி செய்கிறோம். இவளைக் குளிர வைத்தது யார்?

சின்னம்மா, 8.50
அந்த ஆசிரியர்தான். தேறவில்லை என்று போட்டாரே, அன்றைக்கு.

பெரியம்மா, 8.52
ம். இது சரியாகத்தான் இருக்கிறது. வயதான ஜொங் அம்மாவையும் மறக்க வேண்டாம். பலகாரம் தின்கிற வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, இறைச்சியில் என்ன இனிப்பு என்று கேட்கிறார். சீனி, தேன் என்று எல்லாரும் சொல்ல, இவள் மட்டும் பழத்தின் பெயரைச் சொல்கிறாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "அந்தப் பழத்தின் ருசி இருந்தது, அதனால் சொன்னேன்" என்கிறாள். அவருடைய முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

நான், 8.55
எனக்கு எல்லாவற்றையும் விடத் தண்ணீர்க் காட்சிதான். ஹான் அம்மா சின்னச் சங்குமியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். கொண்டு வந்து கொடுக்கிறாள், திரும்பவும் கொண்டு வரச் சொல்கிறார். சுடுதண்ணீர் கொண்டு வந்தாலும் சரியில்லை, குளிர்ந்த தண்ணீர் என்றாலும் சரியில்லை, இலையை மிதக்க விட்டாலும் சரியில்லை. நாள் கணக்காக இதே வேலை. கடைசியில்தான் பிள்ளை கேட்கிறாள்: வயிறு வலிக்கிறதா, இன்றைக்கு வெளிக்குப் போனீர்களா, தொண்டை நோகிறதா. கேட்டுவிட்டு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் உப்புக் கரைத்து, ஒரேயடியாகக் குடிக்காமல் மெதுவாகக் குடியுங்கள் என்று கொடுக்கிறாள். அவளுடைய தாய் தண்ணீர் கொடுக்க முன்னர் அப்படித்தான் கேட்பாராம். தண்ணீரும் கிண்ணத்தில் ஊற்றினால் உணவுதான் என்று ஹான் சொல்கிற இடத்தில் தொடரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

சின்னம்மா, 9.04
பொறு. என்னுடைய அம்மா, உங்கள் அம்மம்மா, பக்கத்தில் இருந்து இதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு இருக்கிறார். குரல் பதிவு போடுகிறார்.

சின்னம்மா, 9.09
குரல் பதிவு, 2.47

தம்பி, 9.10
வாகனத்துக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், கேட்க முடியாது. யாராவது எழுதுங்களேன்.

சின்னம்மா, 9.21
அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்னுடைய அம்மா மருத்துவிச்சி. ஆட்கள் வாசலில் வந்து தண்ணீர் கேட்டால் முதலில் முகத்தைப் பார்ப்பார். வயலால் வெயிலில் வந்தவனுக்கு உடனே பானைத் தண்ணீர் கொடுக்க விடமாட்டார். திண்ணையில் இருத்தி, வியர்வை அடங்கிய பிறகு, பழஞ்சோற்றுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுப்பார். இருமலோடு வந்தவருக்குக் கொத்தமல்லி அவித்த தண்ணீர். பிள்ளை பெற்றவளுக்குச் சூடாக மட்டும்தான். அந்தக் கொரியப் பெண் தண்ணீர் கேட்டபோது எனக்கு என்னுடைய அம்மாவைக் கண்ட மாதிரி இருந்தது.

போட்டியில் ஹான் சோறு ஆக்கினாளே, அதையும் பிள்ளைகள் சொல்லவில்லை. ஒரே பானைச் சோற்றில் ஒருத்திக்குக் குழைந்தது, இன்னொருத்திக்கு உதிரி. யாருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து வைத்திருந்தாள். உங்கள் அப்பாவுக்குப் பல் போன பிறகு நானும் அப்படித்தான் ஆக்கினேன். பானையின் ஒரு பக்கத்தில் தண்ணீர் கூடத் தெளித்து, அந்தப் பக்கத்துக்குக் கீழே நெருப்பைக் குறைத்துவிடுவேன். ஆறு பேருக்கு ஒரு பானை, அதில் அவருடைய பக்கம் மட்டும் குழைவு. அவருக்கே அது தெரியாது. சோறு இன்றைக்கு நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்வார்.

சோயும் நல்லாச் சமைக்கிறவள்தான், கையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அவள் ஒருவரிடமாவது உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதை நான் காணவில்லை."

பெரியம்மா, 9.24
அம்மா, அப்பாவின் சோற்றைப் பற்றி இத்தனை வருடமாக எங்களுக்கும் சொல்லவில்லையே.

மாமா, 9.25
நானும் அந்தப் பானையில்தான் சாப்பிட்டேன் அக்கா. எனக்கும் தெரியாது.

மச்சாள், 9.27
அப்பம்மாவிடம் கேளுங்கள் சின்ன மாமி, கும்-யங் கெட்டவளா என்று.

சின்னம்மா, 9.29
கேட்டேன். "அவளுக்கும் யாராவது ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும்" என்கிறார்.

சின்னம்மா, 9.30
தம்பியை இருக்கச் சொல்கிறார், போக வேண்டாமாம். இன்னும் ஒரு பதிவு போடுகிறார்.

தம்பி, 9.31
நிற்கிறேன். அறைக்கு வந்துவிட்டேன், இதை நானே கேட்பேன்.

சின்னம்மா, 9.32
குரல் பதிவு, 0.24

தம்பி, 9.35
ஓம் அம்மம்மா, இப்போதும் வெயிலில்தான் வேலை. இங்கே ஜூன் 1இல் இருந்துதான் மதியம் வெளியில் வேலை செய்யக்கூடாது என்ற சட்டம். இன்னும் சில நாள்தான்.

தம்பி, 9.36
ஓம், சிறுநீர் கொஞ்சம் மஞ்சளாகத்தான் போகிறது. இரண்டு நாளாக.

சின்னம்மா, 9.38
ஒரு போத்தல் தண்ணீருக்கு ஒரு சிட்டிகை உப்பு, பாதி தேசிக்காய். ஒரே மடக்காகக் குடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டுமாம். நாளைக்குக் காலையில் என்ன நிறம் என்று இதிலேயே எழுதச் சொல்கிறார்.

தம்பி, 9.39
சரி அம்மம்மா. எழுதுகிறேன்.