எம்டிஎஃப் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கணும், கொஞ்சம் ஐடியா சொல்லுங்களேன்

ரூம் கதவு எம்டிஎஃப் (மரநார பசை போட்டு அழுத்திச் செய்யற பலகை), பழைய பெயிண்ட் அங்கங்க உரியுது, கீழ் ஓரம் ஈரம் பட்டு உப்பிப் போயிருக்கு. கழட்டி படுக்க வச்சு 220 நம்பர் உப்புத்தாள்ல லேசா தேய்ச்சு தூசி துடைச்சுட்டு ப்ரைமர் அடிக்கலாம்னு இருக்கேன், மாஸ்க் போட்டுத்தான், இந்தத் தூள் ரொம்ப நைசு. தட்டையான இடம் பத்தி கவலையில்ல, ஓரம்தான் தலைவலி, பஞ்சு மாதிரி எல்லாத்தையும் உறிஞ்சிடுது, வாட்டர் பேஸ் ப்ரைமர் அடிச்சா நார் எழும்பி சொரசொரன்னு ஆயிடும்ங்கறாங்க. அப்போ ஓரத்துக்கு மட்டும் ஆயில் ப்ரைமர் அடிச்சு நல்லா காயவிட்டு மேல வாட்டர் பேஸ் எனாமல் போடலாமா, ஒட்டுமா? உப்புன இடத்த தேய்ச்சு பட்டி பார்த்தா நிக்குமா, இல்ல மறுபடி உப்புமா? ஃபோம் ரோலரா பிரஷ்ஷா? ஸ்ப்ரே கன் இல்ல. "கதவையே மாத்திடு"ன்னு மட்டும் சொல்லாதீங்க ப்ளீஸ், அத வீட்லயே சொல்லிட்டாங்க.